சம்பந்தியின் ரம்பத்துக்கு என்ன ஆயிற்று என்றால்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் இடுப்பு, முழங்கால், தோள்பட்டை உள்ளிட்ட சகல மூட்டுகளும் அதனதன் இடத்தில் இருக்க, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முன்பெல்லாம் நானும் எல்லோரையும் போல மொத்தமாக நலம் விசாரிப்பவன்தான். என் மனைவிக்கு இடுப்பு மூட்டை மாற்றிய பிறகு ஒவ்வொரு மூட்டாக விசாரிக்கத்தான் மனம் வருகிறது. இங்கே நாங்களும் நலம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடந்துபோய், நான் போட்டுவைத்த டீயைக் குறை சொல்லிவிட்டுத் திரும்பி வரும் அளவுக்கு அவள் தேறிவிட்டாள்.

தாங்கள் போன் செய்தபோதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருப்பதாக அவள் சொன்னாள். அத்தனை அழுக்கு உள்ளவன் நான் இல்லை என்று தங்களுக்குத் தெரியும். தங்கள் ரம்பத்தைப் பற்றிக் கேட்டுவிடுவீர்களே என்ற பயத்தில் நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன் என்பதே உண்மை. போனில் சொல்ல நாக்கு எழவில்லை. எழுத்தில் சொன்னால் நடுநடுவே தாங்கள் 'ஐயையோ' என்று அலறுவது என் காதில் விழாது அல்லவா, அதற்காகத்தான் இந்தக் கடிதம். பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நேராக ரம்பத்துக்குப் போய்விட்டால் நான் ஒரு முட்டாள் என்று தோன்றிவிடும். முதலிலிருந்து வந்தால், நான் எப்படிப் படிப்படியாக, நல்லெண்ணத்தோடு முட்டாளானேன் என்பது விளங்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே, தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு மேலே இருக்க வேண்டுமாம். எங்கள் கட்டிலோ கல்யாணமான புதிதில் வாங்கியது. அன்றைக்கு நாங்கள் கட்டிலின் உயரத்தையெல்லாம் பார்த்து வாங்கவில்லை. அதில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாய்க்கு வந்துவிடும். ஆகவே வாடகைக்கு ஓர் இரும்புக் கட்டில் எடுத்து, ஹாலில் தையல் மிஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே போட்டோம். போட்ட பிறகு பக்கத்தில் ஒரு நாற்காலி வைக்கத்தான் இடம் மிச்சம். அவள் ஹாலில், நான் உள்ளே அறையில் என்று ஆகிவிட்டது. மறுநாள் காலையில் அவள் கண்கள் சிவந்திருந்தன. "தூக்கமே இல்லைங்க" என்றாள். வலியா என்று பதறிப்போய்க் கேட்டேன். "வலியெல்லாம் இல்ல. உங்க குறட்டை சுவர் வழியா பாதிதான் வருது. மீதி எப்ப வரும், எப்ப வரும்னு காத்துக்கிட்டே கிடந்தேன்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குறட்டைக்காக என்னை விலாவில் இடித்தவள் அவள். சம்பந்தியிடம் எழுதக்கூடிய விஷயமா இது என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன். எங்கள் கட்டிலை எப்படியாவது உயர்த்தி அவளை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இதை என் மகளிடம் சொன்னேன். (இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளைத் தங்கள் மருமகள் என்றே குறிப்பிட விரும்புகிறேன்.) தங்கள் மருமகள் போனைத் தட்டிக்கொண்டே, "இதுக்கா இவ்வளவு யோசனை? கட்டில் காலுக்கு அடியில வைக்கிறதுக்குன்னே பிளாஸ்டிக்ல ரெடிமேடா விக்கிறாங்கப்பா. ஆர்டர் போட்டா நாளைக்கே வந்துரும்" என்றாள். நான் யார் என்று தங்களுக்குத் தெரியும். என் தையல் கடைக்கு நேர் எதிரே ரெடிமேட் கடை வந்து, அதன் பொம்மைகள் விடிய விடிய என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்ற காலத்திலும் அசராமல் இருந்தவன். என் வீட்டுக்குள், என் பெண்ணின் வாயிலிருந்து, ரெடிமேட். "உங்கம்மாவுக்கு ரெடிமேடா?" என்று கேட்டேன். "அம்மாவுக்கு இல்லப்பா, கட்டிலுக்கு" என்றாள். பதிலில் நியாயம் இருந்ததால் கோபம் இன்னும் தலைக்கேறியது. "நாலு மரக்கட்டைதானே, நானே செஞ்சுக்கறேன், போ" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை மூடுவதற்குள் அவள் தங்களுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள்.

தாங்கள் பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, கார் நின்ற இடத்தில் மரவேலைக் கூடம் அமைத்ததை நான் போகுமிடமெல்லாம் பெருமையாகத்தான் சொல்லிவருகிறேன். அன்று போனில் தாங்கள் சொன்னவை எல்லாம் பொன்னான வார்த்தைகள். மட்டமான கருவியை வாங்குகிறவன் கருவியோடு சேர்த்து வேலையையும் வெறுத்துவிடுவான் என்றீர்கள். நல்ல உளி பாதி வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றீர்கள். எஃகில் எத்தனை வகை, பிடிக்கு எந்த மரம், பல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனீர்கள். நடுவில் நான் போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்து முடித்தேன். திரும்ப எடுத்தபோதும் தாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தீர்கள். அந்தப் பொத்தான்கள் தைத்த நேரத்தில் தாங்கள் சொன்ன ஒரு விஷயம் மட்டும் என் காதில் விழாமல் போயிற்று. அது எவ்வளவு முக்கியமான விஷயம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

மறுநாளே மாப்பிள்ளை தங்கள் பெட்டியோடு வந்தார். திறந்தோம். உள்ளே பச்சை வெல்வெட். உளிகளும் ரம்பமும் இழைப்புளியும் ஒவ்வொன்றும் தன் உருவத்துக்கு வெட்டிய பள்ளத்தில் சாய்ந்து படுத்திருந்தன. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஆபரேஷன் பண்ணின சாமானைக்கூட இவ்வளவு சுத்தமா வெச்சிருப்பாங்களான்னு தெரியல" என்றாள். மாப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். "அப்பா இதை யாரையும் தொட விட்டதில்ல, மாமா. என்னையே விட்டதில்ல. உங்களுக்குத்தான் குடுத்தனுப்பியிருக்காரு" என்றார். மரியாதைக்காகத்தான் சொன்னார், நானோ பெட்டிக்கு நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். ஏனென்றால் தொட விடாமல் வைத்திருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் கத்தரிக்கோலைக் காகிதம் வெட்ட எடுத்தால் நான் என்ன ஆட்டம் ஆடுவேன் என்று தங்கள் மருமகளைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் படம் வெட்டி ஒட்டிவரச் சொன்னார்கள் என்று அவள் சின்ன வயதில் அழுதபோதுகூடக் கொடுத்ததில்லை. உட்கார்ந்து பிளேடால் நானே வெட்டிக் கொடுத்தேன். அப்படிப்பட்டவன் இன்னொருவர் ரம்பத்தை எப்படித் தொடுவேன்? பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி, அலமாரி உச்சியில் வைத்தேன். கடைத்தெருவுக்குப் போய் இருப்பதிலேயே மலிவான செட் ஒன்றை வாங்கி வந்தேன்.

அதில் சாமான்கள் ஏராளம். பாதிக்கு என்ன பெயர் என்று விற்றவருக்கே தெரியவில்லை. "எதுக்காவது ஆகும் சார்" என்று சொல்லிக் கொடுத்தார். முதல் அடியிலேயே சுத்தியலின் பிடி என் கையில் நிற்க, தலை ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு மெக்கானிக் படியேறி வந்தார். ஈரம் சொட்டும் சுத்தியல் தலையைக் காட்டி, "உங்களோடதா? துணி ஊறவெச்ச வாளில கிடந்துச்சு" என்றார். தலை ஏதும் அடிபடவில்லையே என்று கேட்டேன். "இல்ல. இனிமே ஓங்குறதுக்கு முன்னாடி ஒரு குரல் மட்டும் குடுங்க" என்று சொல்லிவிட்டு, தலையைப் பிடியில் அவரே இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். தங்கமான மனிதர். உளியின் கதை வேறு. மரத்தில் வைத்துத் தட்டினால் மரம் மரமாகவே இருக்க, உளியின் முனை புத்தகத்தின் மூலை போல மடங்கிக்கொண்டது. அதை மட்டும் எங்கள் தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுத்தேன். என் கத்தரிக்கோல்களுக்கு இத்தனை வருஷமாகச் சாணை பிடிப்பவர் அவர்தான். சக்கரத்தில் வைத்து நான்கு தீட்டுத் தீட்டி, அந்த மட்டமான உளிக்கும் ஒரு முனை உண்டாக்கிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு அளவில்லாத நம்பிக்கை வந்துவிட்டது.

தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்த மட்டமான சாமான்களோடு எனக்கு ஒரு சிநேகமே உண்டாகிவிட்டது. அவற்றைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம் இல்லை. அவை கெட்டுப்போய்த்தான் பிறந்திருக்கின்றன. என் கடையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதலில் பழைய கத்தரிக்கோலைத்தான் கொடுப்பேன், கை பழகிய பிறகுதான் நல்லது. இந்த வயதில் மரவேலைக்கு நானே புதிதாகச் சேர்ந்தவன்தானே? தங்கள் உளியைத் தூக்கினால் தங்களையே தூக்கிப் பிடித்திருப்பது போல இருக்கும். என் உளியைத் தூக்கினால் அது ஒரு உளி, அவ்வளவுதான்.

மரம் வாங்கப் போன இடத்திலும் ஒரு சோதனை. மரக்கடையில் பெரிய மின்சார ரம்பம் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர், "அளவைச் சொல்லுங்க சார், நாலு கட்டையையும் இப்பவே அறுத்துத் தந்துடறேன். டீ சொல்லியிருக்கேன், அது வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். வேண்டாம், மரத்தை மட்டும் கொடுங்கள், நானே அறுத்துக்கொள்கிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன் சார்?" என்று கேட்டார். மரத்துக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவளும் அதையேதான் கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை, தங்களிடம் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கு எல்லாவற்றையும் யார் யாரோ செய்தார்கள். டாக்டர் அறுத்தார், நர்ஸ் ஊசி போட்டார், பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் கையைப் பிடித்து நடக்கவைத்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் பிறந்த தேதியைச் சொன்னேன். அவ்வளவுதான் என் பங்கு. இந்த நாலு கட்டையாவது என் கையால் ஆகட்டும் என்று ஒரு ஆசை.

அளவு எடுக்கும் கட்டம் வந்தது. இப்போது வீட்டுக்கு வந்து நடை பழக்கும் அந்தப் பிசியோ பெண் கண்டிப்பானவர். "பாதம் ரெண்டும் தரையில முழுசா பதியணும், இடுப்பு முட்டிக்குக் கொஞ்சம் மேல இருக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அளவு சரியில்லைன்னா அந்தக் கட்டில் பக்கமே அவங்க போகக் கூடாது" என்றார். அளவு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, அவளைச் சுவரோரம் நிறுத்தி, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தேன். அவளுக்கு நான் இதுவரை எடுக்காத அளவு அது ஒன்றுதான். "லூஸ் எவ்வளவு விடப்போறீங்க?" என்றாள். கட்டைக்கு ஏது லூஸ் என்று அதட்டினேன். மெத்தையோடு சேர்த்துக் கட்டிலின் உயரத்தை அளந்து, கழித்து, மரத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, என் மலிவு ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தேன். அந்த ரம்பம் நேராகப் போகாது. போகிற வழியில் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்விட்டு வரும். இரண்டு கட்டைவிரலிலும் தையல்காரன் மாட்டும் தொப்பியை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்தும் நின்றும் முழங்காலால் அழுத்தியும், ஒருவழியாக நான்கையும் அறுத்தேன். கட்டில் கால் நழுவாமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் உளியால் பள்ளமும் வெட்டினேன். மெக்கானிக் காரைத் தூக்கும் ஜாக்கியைக் கொண்டுவந்து, கட்டிலை ஒவ்வொரு மூலையாகத் தூக்கிக் கொடுத்தார். கட்டைகளை உள்ளே தள்ளினோம். கட்டில் ஆடவில்லை, அசையவில்லை. மெக்கானிக் கை கொடுத்தார். நான் டேப்பை வைத்து மெத்தையின் மேல்மட்டத்தை அளந்தேன்.

ஒரு அங்குலம் அதிகம்.

நான்கு மூலையிலும் அளந்தேன். நான்கிலும் மிகச் சரியாக அதே ஒரு அங்குலம் அதிகம். கட்டையை உற்றுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வாழ்க்கை பூராவும் துணி வெட்டிய கை இது. போட்ட கோட்டின் மேல் இந்தக் கை வெட்டாது. கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் தையலுக்கு விட்டுத்தான் வெட்டும். ஒவ்வொரு கட்டையிலும் மேலே அரை அங்குலம், கீழே அரை அங்குலம் விட்டு அறுத்திருக்கிறேன், மரத்தை மடித்துத் தைக்கப்போகிறவன் போல. ஹாலிலிருந்து "என்னாச்சு?" என்ற குரல் வந்தது. போய்ச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் வாக்கர் ஆடியது. அப்போது வந்திருந்த பிசியோ பெண், "சிரிக்கும்போது இடுப்பைப் பிடிச்சுக்குங்க, இடுப்பைப் பிடிச்சுக்குங்க" என்று ஓடிவந்தார். "ஏங்க, பின்னாடி நான் பெருத்துட்டா பிரிச்சு விட்டுக்கலாம்னு வெச்சீங்களா?" என்று கேட்டு மறுபடியும் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். எனக்கு அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இனி அந்த ஒரு அங்குலத்தைக் குறைக்க வேண்டும். மெக்கானிக் ஒரு கட்டையை மட்டும் உருவிக் கொடுத்தார். என் ரம்பமோ நான்கு கட்டைகளை அறுத்ததிலேயே வளைந்து, இனி என்னால் ஆகாது என்று படுத்துவிட்டது. வேறு வழியில்லை. நாற்காலி போட்டு ஏறி, தங்கள் பெட்டியை இறக்கி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, ரம்பத்தை எடுத்தேன். என்ன மெலிசு, என்ன பளபளப்பு! கட்டையில் வைத்துத் தள்ளினேன். போகவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன். தகடு முதுகை வளைத்துக்கொண்டதே தவிர, மரத்தில் இறங்கவில்லை. பின்னால் இழுக்கும்போது மட்டும் கொஞ்சம் மரத்தூள் உதிர்ந்தது. அது ஏதோ தற்செயல் என்று நினைத்தேன். தங்களைப் பற்றியும் ஒன்று நினைத்தேன், மன்னிக்க வேண்டும். பாவம், சம்பந்தி ஆசையாக வாங்கியதோடு சரி, வெல்வெட்டிலேயே படுத்துக் கிடந்து ரம்பம் மழுங்கிப்போனது அவருக்கே தெரியாது என்று நினைத்தேன். தெரிந்தால் மனம் கஷ்டப்படுவார், சொல்லாமலே கூர் தீட்டித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு ஒரு பெருந்தன்மை வந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் சாணைக்காரரின் குரல் கேட்டது.

அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நான் கத்தரிக்கோலுக்கு எப்போதும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னேன்: "நல்ல கூர்மை வேணும். எங்கேயும் மாட்டக் கூடாது. வழுக்கிக்கிட்டுப் போகணும்." சொல்லிவிட்டு, அவளுக்கு மாத்திரை கொடுக்க மேலே வந்துவிட்டேன். திரும்பிப் போனபோது அவர் முகமெல்லாம் வியர்வை. என்றைக்கும் இல்லாத பெருமை. "இதை எங்க சார் வாங்கினீங்க? வாய் பூரா பேந்து பேந்து போயிருந்துச்சு. ஒரு இடம் விடல. எல்லாத்தையும் தேய்ச்சு சமன் பண்ணிட்டேன். இப்பத் துணி மேல வெச்சு இழுங்க, பாருங்க" என்று நீட்டினார்.

சம்பந்தி, தங்கள் ரம்பத்தில் இப்போது ஒரு பல்லும் இல்லை.

வழவழவென்று இருக்கிறது. முடியைக்கூட இரண்டாக வெட்டும் போலிருக்கிறது. மரத்தை மட்டும் ஒன்றும் செய்யாது. என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேக் வெட்ட ஆகும். சம்பந்திக்குக் கல்யாண நாள் வருதில்ல?" என்றாள். அவளுக்கு என்ன, சிரித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் பஸ் ஏறிப்போய் நகரத்திலேயே பெரிய கருவிக் கடையில் நுழைந்தேன். ஒரு பக்கம் தகரப் பெட்டிகளில் ரம்பங்களைக் குவித்துப் போட்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரர், "வீட்டு உபயோகத்துக்கா சார், தொழிலுக்கா?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். தொழில் என்று சொல்ல நான் தச்சன் இல்லை. வீட்டு உபயோகம் என்று சொன்னால் தகரப் பெட்டியைக் காட்டுவார். என் வீட்டில் ஒருத்தி எழுந்து உட்கார வேண்டும் என்பதற்காக அலைகிறேனே, அது தகரப் பெட்டிக்குள் அடங்குகிற விஷயமா? மலிவா, உயர்வா என்று அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று நான் விழித்ததைப் பார்த்து அவர் மறுபடியும் கேட்டார். "சம்பந்திக்கு" என்று சொல்லிவிட்டேன். "அதைச் சொல்லுங்க முதல்ல" என்று சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடி அலமாரிப் பக்கம் போனார். நான் அடையாளம் சொல்லச் சொல்ல, அச்சாகத் தங்களுடையது போலவே ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இது இழுத்தாத்தான் வெட்டும் சார், தள்ளினா வெட்டாது. சில பேர் தெரியாம தள்ளிப் பாத்துட்டு, மழுங்கிப்போச்சுன்னு கொண்டுவந்து நிப்பாங்க" என்று சிரித்தார். இப்படியும் ஆட்கள் இருக்கிறார்களா என்று நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். பொத்தான் தைத்த நேரத்தில் தாங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று அப்போது விளங்கியது.

புது ரம்பம் இப்போது தங்கள் பச்சை வெல்வெட்டில், பழையது படுத்திருந்த பள்ளத்திலேயே படுத்திருக்கிறது. நான் அதை மரத்தில் வைத்துப் பார்க்கவில்லை. இழுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. மாப்பிள்ளை வரும்போது பெட்டியை அப்படியே கொடுத்தனுப்புகிறேன். உருவிய கட்டையை மெக்கானிக் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். என் மலிவு செட்டை அவருக்கே கொடுத்துவிடப்போகிறேன். மரவேலையை இன்றோடு தலைமுழுகிவிட்டேன். தாங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை தங்கள் கூடத்திலுள்ள மின்சார ரம்ப மிஷினை எடுத்துக்கொண்டு வந்து, அந்த நாலு கட்டையிலிருந்தும் ஒரு அங்குலத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவளுக்கான கட்டிலில் வேறு ஒருவர் கை படக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு இருந்தது. அந்த வீம்பால் அவள் இன்னும் ஹாலில் ஃபிரிட்ஜ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் இவ்வளவு பெரிய கட்டிலில் ஓரமாக, எனக்கு உண்டான பாதியிலேயே படுத்திருக்கிறேன். அவள் பாதியில் கைவைக்க மனம் வருவதில்லை. அவள் இல்லாத அறையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, சம்பந்தி. யார் கையாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அவள் உள்ளே வந்துவிட்டால் போதும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பான விசாரிப்புகள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் (இப்போது அவள் மறுபடியும் என் மகள்தான்) எங்கள் ஆசிகள். தங்கள் கூடத்தில் பல் உள்ள பொருட்கள் அனைத்தும் பல்லோடு நீண்ட நாள் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்துக் கதவுக்குப் பின்னால் நிற்கும்
சம்பந்தி.

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டுக் கவர் தேடிக்கொண்டு எழுந்தேன். ஹாலில் இரும்புக் கட்டில் காலியாக இருந்தது. வாக்கரும் இல்லை. பதறிப்போய் உள்ளே ஓடினால், எங்கள் அறையில் பிசியோ பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். நான் எழுதிக்கொண்டிருந்தபோது வந்திருக்கிறார். கட்டையைக் காட்டிச் சிரிப்பதற்காக என் மனைவி அவரை உள்ளே அழைத்துப்போயிருக்கிறாள். "உக்காந்து பாத்தீங்களாம்மா?" என்று அவர் கேட்டாராம். "எங்க உக்கார விட்டார்? டேப்பை வெச்சுப் பாத்துட்டு, சரியில்லைன்னு கதவைச் சாத்திட்டார்" என்றாளாம் இவள். "சும்மா ஒரு தடவை உக்காருங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்று அவர் பிடித்துக்கொள்ள, இவள் உட்கார, எங்கள் பழைய மெத்தை எப்போதும் போலத் தன் வழக்கப்படி ஒரு அங்குலம் அமுங்கியிருக்கிறது. நான் போய்ப் பார்க்கும்போது அவள் பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிந்திருந்தன. இடுப்பு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. "கடையில அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கே" என்றார் பிசியோ பெண். என் கடையிலிருந்து ட்ரையல் போட்டுப் பார்க்காமல் ஒரு உடுப்பும் வெளியே போனதில்லை, சம்பந்தி. கட்டிலுக்கு மட்டும், உட்காரப்போகிறவளை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

"இந்த ஒரு அங்குலத்துல இனி யாராவது கை வெச்சீங்க, அப்புறம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் மெதுவாகக் காலைத் தூக்கிப் படுத்தும்விட்டாள். கதவுப் பக்கம் எப்போதும் என்னுடையது. எழுந்து போக வசதியாக இனி அது அவளுக்கு, சுவர்ப் பக்கம் எனக்கு. இந்தப் பின்குறிப்பைச் சுவர்ப் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

ஆகவே மேலே எழுதியவற்றில், ரம்பத்துக்குப் பல் இல்லை என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். மிஷின் வேண்டாம். மரவேலையைத் தலைமுழுகியதும் வேண்டாம். அவளுக்குக் குளியலறையில் வைக்க ஒரு ஸ்டூல் வேண்டுமாம், பெட்டி இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமா? இழுக்கத்தான் போகிறேன், தள்ள மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தாங்களும் சம்பந்தியம்மாவும் வெறுங்கையோடு அவசியம் வாருங்கள். மணியை ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு வாசலில் கொஞ்சம் பொறுத்திருங்கள். அவள் கட்டிலைவிட்டு எழுந்து நடந்து வர நேரமாகும். அவளை விட்டுவிட்டு நான் முன்னால் ஓடிவந்து கதவைத் திறக்கப்போவதில்லை.